தெய்வத்துக்குக் கை முளைத்த கதை

இடி, மின்னல், சூரியன், ஆறு என்று கண்ணெதிரே இவ்வளவு பெரிய சக்திகள் இருக்கும்போது, பழங்கால மதங்கள் ஏன் தங்கள் தெய்வங்களை மனித உருவில் கற்பனை செய்தன என்பது கேள்வி.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதிலுக்கே 2,500 வயதாகிறது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் கொலஃபோன் என்ற ஊரில் பிறந்த செனோஃபனிஸ் என்ற கிரேக்கர் சொன்னது அது. எத்தியோப்பியர்கள் தங்கள் கடவுளர் கறுப்பு, சப்பை மூக்கு என்கிறார்கள்; திரேசியர்கள் தங்கள் கடவுளருக்கு நீலக் கண், செம்பட்டை முடி என்கிறார்கள்; மாட்டுக்கும் குதிரைக்கும் சிங்கத்துக்கும் கை இருந்து படம் வரையத் தெரிந்திருந்தால், குதிரை குதிரை மாதிரியும் மாடு மாடு மாதிரியும் கடவுளை வரைந்திருக்கும் என்றார். மனிதனுக்குத் தன்னைத்தான் தெரியும், அதனால் தன்னையே மேலே தூக்கி வைத்துக்கொண்டான் என்பது இதன் சாரம்.

நல்ல குத்தல்தான். ஆனால் பாதி பதில். சாமியின் மூக்கு ஏன் பக்தனின் மூக்கு மாதிரி இருக்கிறது என்பதை இது விளக்குகிறது. சாமிக்கு மூக்கே எதற்கு என்பதை விளக்கவில்லை. மனிதன் தன்னைத் தவிர வேறெதையும் கற்பனை செய்ய முடியாதவன் என்றால், எல்லா ஊரிலும் மனித உருவம்தானே முதலில் வந்திருக்க வேண்டும்? அப்படி வரவில்லை.

செனோஃபனிஸின் சொந்த நாட்டையே பாருங்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தைச் சுற்றிப் பார்த்து எழுதிய பௌசானியாஸ், ஃபாரே என்ற ஊரில் சதுரமான கற்கள் முப்பது இருந்ததையும், ஒவ்வொன்றையும் ஒரு தெய்வத்தின் பெயர் சொல்லிக் கும்பிட்டதையும் குறித்து வைத்திருக்கிறார். ஆதியில் கிரேக்கர் எல்லோருமே சிலைக்குப் பதில் செதுக்காத கல்லைத்தான் வணங்கினார்கள் என்றும் சொல்கிறார். மெசபொத்தேமியாவில் (இன்றைய இராக் பகுதி) இனான்னா என்ற பெருந்தெய்வத்தின் அடையாளம், தலைப்பு வளையமாகச் சுருட்டிக் கட்டிய நாணல் கட்டு. 5,000 வருடத்துக்கு முந்தைய ஊருக் நகரத்துக் கல்ஜாடியில் அந்த இரட்டை நாணல் கட்டுகளை இன்றும் பார்க்கலாம். எகிப்தில் பருந்து, பசு, நரி, முதலை. எல்லாவற்றையும் விட வேடிக்கை புத்தர் விஷயம். அவர் நிஜமாகவே மனிதர். இருந்தும் சாஞ்சியிலும் பார்குட்டிலும் இருக்கிற பழைய சிற்பங்களில் அவரை மனிதராகக் காட்டவில்லை. காலி இருக்கை, பாதச் சுவடு, அரச மரம், அவ்வளவுதான். கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டித்தான் மதுராவிலும் காந்தாரத்திலும் அவருக்கு முகம் வருகிறது.

ஆக, மனித உருவம் என்பது பல இடங்களில் பின்னால் வந்து சேர்ந்த ஒன்று. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது: என்ன தேவைக்காக வந்து சேர்ந்தது?

என் பதில் இதுதான். மக்களுக்கு வேண்டியிருந்தது தங்களைப் போலத் தெரிகிற தெய்வம் அல்ல. கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக்கூடிய தெய்வம். கொடுத்தால் வாங்க வேண்டும், கேட்டால் காதில் விழ வேண்டும், சொன்னபடி நடக்காவிட்டால் முறையிட ஓர் ஆள் வேண்டும். இதற்கு எந்த உறுப்பு தேவையோ அந்த உறுப்பு முதலில் முளைக்கிறது. முழு மனித உடம்பு ஒரே நாளில் வந்துவிடுவதில்லை.

இதை அப்பட்டமாகக் காட்டுகிற பொருள் ஒன்று கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நார்மர் என்ற மன்னரின் கல்பலகை. கி.மு. 3100 வாக்கில் செய்தது, உயரம் சுமார் 64 செ.மீ., எகிப்தின் ஹைராகோன்போலிஸில் 1897-98 அகழாய்வில் கிடைத்தது. அதில் மன்னர் எதிரியின் தலைமுடியைப் பிடித்து, தண்டாயுதத்தை ஓங்கி நிற்கிறார். அவருக்கு எதிரே, பாப்பிரஸ் தண்டுகளின் மேல் ஒரு பருந்து. அது ஹோரஸ் தெய்வம். அலகு, சிறகு, நகம் எல்லாம் சுத்தமான பருந்துதான். ஆனால் அதன் உடம்பிலிருந்து ஒரே ஒரு மனிதக் கை நீள்கிறது. அந்தக் கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை தோற்ற நாட்டானின் மூக்கில் மாட்டியிருக்கிறது. பருந்தாகவே இருந்தால் கயிற்றைப் பிடித்து இழுத்து வந்து மன்னரிடம் ஒப்படைக்க முடியாதே! வேலைக்குக் கை வேண்டியிருந்தது. சிற்பி கையை மட்டும் வைத்தான்.

இதே எகிப்தில் சுமார் 1,750 வருடம் கழித்து நடந்தது இன்னும் சுவாரசியம். அக்னாதன் என்ற மன்னர் பழைய தெய்வங்களை ஓரங்கட்டிவிட்டு, ஆதென் என்ற சூரிய வட்டத்தை மட்டும் வணங்கச் சொன்னார். மனித உடலும் கிடையாது, விலங்குத் தலையும் கிடையாது, வெறும் வட்டம். இவ்வளவு தூரம் துணிந்தவராலும் ஒன்றை விட முடியவில்லை. அந்த வட்டத்திலிருந்து இறங்குகிற ஒவ்வொரு கதிரும் ஒரு சின்னக் கையில் முடிகிறது. அந்தக் கைகளில் சில, உயிரின் சின்னத்தை மன்னரின் மூக்குக்கும் ராணி நெஃபர்டிட்டியின் மூக்குக்கும் நேராக நீட்டுகின்றன. (அரச குடும்பத்தைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கை நீளவில்லை என்பதையும் கவனிக்கலாம். கொடுக்கல் வாங்கல் யாருடன் என்பதில் அக்னாதன் தெளிவாக இருந்தார்.)

ஜோர்டானில் பெட்ரா நகரத்தைக் குடைந்த நபாத்தியர்கள் வேறொரு உறுப்பில் நின்றார்கள். அவர்களுடைய தெய்வம் பெரும்பாலும் ஒரு செவ்வகக் கல். சில கற்களில் மட்டும் இரண்டு சதுரக் கண்களும் நீளமான ஒரு மூக்கும் இருக்கும். வாய் இல்லை, உடம்பு இல்லை. நம்மைப் பார்க்கிறது என்று தெரிந்தால் போதும் என்று அங்கே நிறுத்திக்கொண்டார்கள்.

இந்தக் கொடுக்கல் வாங்கலை அணுக்கமாகப் பார்க்க மெசபொத்தேமியாவுக்குத்தான் போக வேண்டும். அவர்கள் எல்லாவற்றையும் களிமண்ணிலும் கல்லிலும் எழுதி வைத்துவிட்டார்கள். அவர்களுடைய புராணக் கணக்கே வெளிப்படையானது: ஆதியில் தெய்வங்களே கால்வாய் வெட்டின, அலுத்துப்போய்க் கலகம் செய்தன, அந்த வேலையைச் செய்யத்தான் மனிதன் படைக்கப்பட்டான். பிறகு பெருவெள்ளத்தில் மனிதர்கள் அழிந்ததும், தெய்வங்களுக்குச் சாப்பாடு நின்றுபோனது. வெள்ளம் வடிந்து, தப்பியவன் படையல் போட்டபோது, வாசனை பிடித்துத் தெய்வங்கள் ஈக்கள் மாதிரி மொய்த்தன என்கிறது கில்கமெஷ் காவியம். ஆக, மெசபொத்தேமியத் தெய்வத்துக்கு முதல் தகுதி பசி.

சிப்பார் என்ற நகரம் சூரியத் தெய்வம் ஷமாஷின் ஊர். 1881-ல் ஹோர்முஸ்த் ரஸ்ஸாம் அங்கே ஒரு கல்பலகையைத் தோண்டி எடுத்தார். ஓர் அடிக்கும் கொஞ்சம் குறைவான உயரம். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் நபு-அப்லா-இத்தினா என்ற பாபிலோனிய மன்னர் காலத்தில் பொறித்தது. அது சொல்கிற கதை இப்படிப் போகிறது.

சூத்தியர் என்ற நாடோடிக் கூட்டம் படையெடுத்த குழப்பத்தில் ஷமாஷின் சிலை அழிந்துபோனது. அது எப்படி இருந்தது என்பதும் மறந்துபோனது. கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் ஒரு மன்னர் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. சரி என்று, சிலைக்குப் பதில் ஒரு சூரிய வட்டத்தைச் செய்து வைத்து, நித்தியப்படி படையலுக்கும் ஏற்பாடு செய்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் படையல் நின்றது. பூசாரி இன்னொரு மன்னரிடம் போய் முறையிட்டார். கொஞ்சம் ஒதுக்கீடு கிடைத்தது. இப்படியே தலைமுறைகள் ஓடின. சூரியனுக்குச் சூரிய வட்டத்தை விடப் பொருத்தமான அடையாளம் எது? யோசித்தால், அதுவே போதும் என்று விட்டிருக்கலாம்.

விடவில்லை. நபு-அப்லா-இத்தினா காலத்தில், யூப்ரடீஸ் ஆற்றின் மேற்குக் கரையில், பழைய சிலையின் உருவத்தைக் காட்டும் சுட்ட களிமண் வார்ப்பு ஒன்று 'கிடைத்தது'. பூசாரி அதை மன்னரிடம் கொண்டுபோனார். மன்னர் மகிழ்ந்து, தங்கத்திலும் நீலக்கல்லிலும் ஷமாஷை முழு மனித உருவில் செய்யச் சொன்னார். பலகையின் மேல்பகுதியில் அந்தக் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது: நீண்ட தாடி, கொம்புக் கிரீடம், கையில் கோலும் வளையமும் வைத்து ஷமாஷ் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு முன்னால் மேசை மேல் பழைய சூரிய வட்டம்.

அந்த வார்ப்பு இவ்வளவு வசதியான நேரத்தில் கிடைத்ததைப் பற்றி ஆய்வாளர்கள் பலருக்குச் சந்தேகம் உண்டு. எனக்கும் உண்டு. ஆனால் என் வாதத்துக்கு முக்கியம் பலகையின் மிச்சப் பகுதிதான். உருவம் வந்ததும் அடுத்து என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? படையல் ஆட்டில் பூசாரிக்கு என்ன பங்கு என்ற பட்டியல்: தோல், பாதி வயிறு, பாதிக் குடல், ஒரு சட்டி கறிச்சாறு என்று போகிறது. எந்தெந்தத் திருநாளில் தெய்வத்துக்கு என்னென்ன உடுப்பு என்ற பட்டியலும் இருக்கிறது. சூரிய வட்டத்துக்கும் படையல் நடந்தது, உண்மை. ஆனால் வட்டத்துக்கு வேஷ்டி கட்ட முடியாது. உடம்பு இருந்தால்தான் உடை, உடை இருந்தால்தான் நெசவாளிக்கு வேலை, படுக்கை இருந்தால்தான் தச்சனுக்கு வேலை. ஒரு கோயிலைச் சுற்றி எத்தனை குடும்பம் பிழைக்கும் என்பது, உள்ளே இருப்பவருக்கு எத்தனை தேவைகள் என்பதைப் பொறுத்தது. இதைச் சூழ்ச்சி என்று நான் நினைக்கவில்லை. தேவைகள் உள்ள ஓர் ஆளுக்குத்தான் நாம் ஏதாவது செய்ய முடியும். செய்தால்தான் பதிலுக்குக் கேட்க வாய் வரும். பூசாரியின் பங்கும் பக்தனின் வேண்டுதலும் ஒரே ஏற்பாட்டின் இரு முனைகள்.

சிலை செய்தால் மட்டும் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு 'வாய் கழுவுதல்' என்று இரண்டு நாள் சடங்கு. வாய் திறக்காத சிலை தூபத்தை முகராது, சோறு உண்ணாது, தண்ணீர் குடிக்காது என்று அதன் மந்திரமே சொல்கிறது. ஆற்றங்கரைத் தோட்டத்தில் வைத்து அதை நடத்துவார்கள். செய்த தச்சனின் உளி, இழைப்புளி போன்ற கருவிகளை ஓர் ஆட்டுத் தொடைக்குள் வைத்துத் தைத்து ஆற்றில் விடுவார்கள். பிறகு கைவினைஞரின் கைகளைத் துணியால் கட்டி, மரவாளால் வெட்டுவது போலப் பாவனை செய்ய, அவர் 'நான் இதைச் செய்யவில்லை, தெய்வம்தான் செய்தது' என்று சத்தியம் செய்வார். நம்மூரில் ஸ்தபதி சிலைக்குக் கண் திறக்கும் சடங்கைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஒன்றிலிருந்து இன்னொன்று வந்தது என்று சொல்லவில்லை. கல்லை ஆளாக மாற்ற வேண்டிய இடத்தில் எல்லோருக்கும் ஒரே சிக்கல்தான் வருகிறது.

கிரேக்கர்கள் கதைக்கு வரும்போது, அவர்களுடைய சிற்பத் திறமையால்தான் தெய்வங்கள் மனித உருவம் பெற்றன என்று ஒரு பேச்சு உண்டு. ஏதென்ஸ் இதை மறுக்கிறது. ஃபிடியாஸ் என்ற சிற்பி தங்கத்திலும் தந்தத்திலும் செய்த பிரம்மாண்டமான அதீனா, அந்த ஊரின் தெய்வம், பார்த்தெனான் கோயிலுக்குள் நின்றாள். ஆனால் பெருவிழாவில் ஊரே சேர்ந்து நெய்து கொண்டுபோன புதுப் புடவை அவளுக்கு அல்ல. பக்கத்தில் இருந்த, வானத்திலிருந்து விழுந்ததாக நம்பப்பட்ட பழைய ஒலிவமரச் சிலைக்குத்தான். அழகு ஊராருக்குக் காட்ட. உபசாரம் பழகிய ஆளுக்கு.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும். உருவமே கூடாது என்ற யூதர்கள்? உருவம் வைக்காத வேத காலத்தவர்? இங்கேதான் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: மனதில் ஆளாக நினைப்பது ஒன்று, கல்லில் ஆளாக வடிப்பது இன்னொன்று. ரிக்வேதத்து இந்திரனுக்குக் கை உண்டு, தாடி உண்டு, சோமபானம் கொள்கிற வயிறு உண்டு. சிலை மட்டும் இல்லை. காரணம், கொடுத்ததை வாங்கிக்கொள்ள அங்கே நெருப்பு இருந்தது. அக்னிதான் தேவர்களின் வாய். இடம் மாறிக்கொண்டிருந்த மக்களுக்கு, மூட்டிய இடத்தில் எரிகிற வாய் வசதி. ஒரே இடத்தில் குடியிருக்கிற தெய்வத்துக்குத்தான் வீடும் கட்டிலும் வேண்டும்.

யூதர்களும் எருசலேம் ஆலயத்தில் உருவம் வைக்கவில்லை. ஆனால் வாரா வாரம் பன்னிரண்டு அப்பங்கள் கடவுள் முன் வைக்கப்பட்டன. நோவாவின் பலியின் நறுமணத்தை அவரும் முகர்ந்தார். அண்டை நாட்டுச் சிலைகளைக் கிண்டல் செய்கிற பைபிள் சங்கீதப் பாடல் எதைத் தாக்குகிறது என்று பாருங்கள்: வாய் உண்டு, பேசாது, கண் உண்டு, காணாது, காது உண்டு, கேளாது, மூக்கு உண்டு, முகராது. பாபிலோனியப் பூசாரி இரண்டு நாள் பாடுபட்டுத் திறந்துவைத்த உறுப்புகளையே வரிசையாக மூடுகிறது. சண்டை உருவத்தைப் பற்றி மட்டும் அல்ல, எந்த ஆளுக்கு உண்மையில் காது கேட்கும் என்பதைப் பற்றியும்தான்.

உடம்பு கொடுத்தால் அதனால் தொல்லையும் உண்டு. உடம்பு உள்ளவரைப் பிடித்துக்கொண்டு போகலாம். கி.மு. 689-ல் அசீரிய மன்னர் சென்னாகெரிப் பாபிலோனை நொறுக்கியபோது அந்த ஊரின் தலைமைத் தெய்வமான மர்துக்கும் ஊரைவிட்டுப் போனார். பிறகு 20 வருடம் அவர் அசீரியாவில் இருந்தார், புத்தாண்டுப் பெருவிழா நடக்கவில்லை என்று பாபிலோனிய ஆண்டுக்குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. சூரியனை யாரும் சிறைபிடிக்க முடியாது.

மனோதத்துவம் இதில் எங்கே வருகிறது? 1990-களில் ஸ்டூவர்ட் கத்ரி என்ற மானுடவியலாளர், புதரில் சலசலப்பு கேட்டால் 'யாரோ இருக்கிறார்கள்' என்று நினைத்துவிடுவதே பாதுகாப்பு, தவறாக இருந்தாலும் நஷ்டம் குறைவு, அந்தப் பழக்கம்தான் மேகத்திலும் முகம் பார்க்கிறது என்றார். எனக்கு இதைவிட 1996-ல் ஜஸ்டின் பாரெட், ஃபிராங்க் கைல் இருவரும் செய்த பரிசோதனை பிடிக்கும். கடவுள் எங்கும் இருப்பவர், ஒரே சமயத்தில் எத்தனை காரியமும் செய்யக்கூடியவர் என்று ஒப்புக்கொண்டவர்களிடம் ஒரு கதை சொன்னார்கள். ஆற்றில் பாறையிடுக்கில் கால் சிக்கிய பையன் வேண்டுகிறான். அப்போது கடவுள் உலகின் வேறொரு மூலையில் இன்னொரு வேண்டுதலுக்குப் பதில் அளித்துக்கொண்டிருக்கிறார். பிறகு கதையைத் திருப்பிக் கேட்டால், பலரும் கடவுள் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் பையனிடம் வந்தார் என்கிற தொனியில் நினைவுகூர்ந்தார்கள். கதையில் அப்படி இல்லவே இல்லை. கொள்கையில் எல்லையற்றவர், பேச்சென்று வந்தால் ஒரு வேலையை முடித்துத்தான் அடுத்ததற்கு வருகிற ஆள்.

தமிழ்நாட்டிலும் இந்த வரிசையைப் பார்க்கலாம். பட்டினப்பாலை காட்டுகிற பகைவர் ஊர்ப் பொதியிலில், அதாவது ஊர்ப் பொதுமன்றத்தில், இருப்பது கந்து, அதாவது ஒரு தூண். மெழுகிப் பூவிட்ட தரை, அணையாத விளக்கு, கும்பிட வருகிற கூட்டம் எல்லாம் உண்டு, முகம் இல்லை. நடுகல்லும் அப்படித்தான். ஆநிரைப் போரில் செத்தவன் ஊரறிந்த மனிதன். இருந்தும் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-ல் கிடைத்த கி.மு. காலத்து நடுகற்களில் பெயரும் ஊரும்தான் தமிழ்-பிராமியில் வெட்டியிருக்கிறது, உருவம் இல்லை. வில்லும் வாளுமாக வீரன் நிற்கிற கற்கள் செங்கம் பகுதியில் பல்லவர் காலத்தில் நிறைய வருகின்றன. முருகனுக்கு வேறு வழி இருந்தது. கேட்ட கேள்விக்கு உடனே பதில் வேண்டும் என்றால் கல் உதவாது. வேலன் மேல் இறங்கி அவன் வாயாலேயே பேசிவிடுவார். இன்றும் சூலமும் செங்கல்லும் மட்டுமே இருக்கிற கிராமத்துக் கோயில்களில் சிலை கேட்டு யாரும் அவசரப்படாததற்கு, சாமியாடி இருப்பது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மனித உருவம் அங்கே ஏற்கனவே வந்தாயிற்று, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை.

ஆள் என்பதுதான் முக்கியம், உருவம் அதற்குத் துணை என்று நான் சொல்வதற்கு நீதிமன்றமே சாட்சி. 1925-ல் கல்கத்தாக் குடும்பம் ஒன்றின் குலதெய்வச் சிலையை இடம் மாற்றலாமா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தெய்வம் சட்டப்படி ஒரு நபர், அது எங்கே இருக்க வேண்டும் என்பதில் அதன் விருப்பத்தை மதிக்க வேண்டும், அதன் சார்பில் பேச வழக்கில் ஆதாயம் இல்லாத ஒருவரை நியமிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. பிறகு பத்தூர் நடராஜர் வழக்கு. 1976-ல் மண்ணுக்கடியில் கிடைத்து, கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்த செப்புச்சிலை அது. அதை மீட்க இந்திய அரசும் தமிழக அரசும் மட்டும் வழக்காடவில்லை; கோரிக்கையாளர் பட்டியலில் அந்தக் கோயிலும், கோயிலில் எஞ்சியிருந்த சிவலிங்கமும் சேர்க்கப்பட்டன. கோயில் தன் பெயரிலேயே உரிமை கோரலாம் என்று 1991-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொள்ள, நடராஜர் தமிழ்நாடு திரும்பினார். ஜடாமுடியும் நாலு கையும் தூக்கிய பாதமுமாக இருக்கிற நடராஜர் அந்த வழக்கில் மீட்கப்பட வேண்டிய சொத்து. அவரைக் கேட்டு வழக்காடியவர்களில் ஒருவர், கையும் காலும் முகமும் இல்லாத லிங்கம்.